வாயில்லா நோயாளி

காய்ச்சல், நொண்டல், மூக்கில் ரத்தம், கண்ணில் வெண்மை. ஒரு நாய்க்கு இவை எல்லாம் வந்தால் அவை நான்கு நோய்களா, ஒரே நோயா? கிராமத்து நாய்க்கு மட்டுமல்ல, அதை வளர்க்கும் வீட்டுக்கும் இது உயிர்ப் பிரச்சினை.

சித்தூர் மாவட்டத்தில் பால் என்பது பல வீடுகளுக்கு வாரச் சம்பளம். வெதுருகுப்பம் மண்டலத்துக் கிராமங்களில் கறவை மாடு ஒரு வேளை தீவனத்தை மறுத்தால் வீட்டுக்கே தூக்கம் போய்விடும். ஆட்டுக்குக் கழிச்சல் என்றால் அன்றைக்கே மருந்து தேடுவார்கள். மாட்டுக்கும் ஆட்டுக்கும் விலை உண்டு, நஷ்டக் கணக்கு உண்டு. நாய்க்கு அப்படி எந்தக் கணக்கும் கிடையாது.

வாசலில் படுத்திருக்கும் நாய் சோற்றைத் தொடாவிட்டால், "வெயிலுக்குச் சாப்பிடவில்லை" என்பார்கள். மூன்றாம் நாள் நொண்டினால், யாரோ கல்லால் அடித்திருப்பார்கள். பத்து நாள் கழித்து மூக்கில் ரத்தம் ஒழுகினால், எங்கோ முட்டிக்கொண்டிருக்கும். கண் வெளுத்தால், வயதாகிவிட்டது. நான்கு குறிகளுக்கு நான்கு காரணங்கள் திண்ணையிலேயே கிடைத்துவிடுகின்றன. நான்கும் ஒரே நோயின் நான்கு முகங்களாக இருக்கலாம் என்ற சந்தேகம் யாருக்காவது வருவதற்குள் நாய் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

மருத்துவ வசதி இல்லை என்று காரணம் சொல்ல முடியாத பகுதி இது. திருப்பதியில் 1955 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2005-ல் அதை மையமாக வைத்து ஸ்ரீ வெங்கடேஸ்வரா கால்நடைப் பல்கலைக்கழகமே உருவானது. தெற்கே எல்லை தாண்டினால் சென்னை வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி. 2022-ல் ஆந்திர அரசு 1962 என்ற எண்ணில் அழைக்கக்கூடிய நடமாடும் கால்நடை ஊர்திகளையும் ஓடவிட்டது. இத்தனை இருந்தும் "நாய்க்கு ஆஸ்பத்திரியா?" என்ற கேள்வியைத் தாண்டி வருவதுதான் கடினமாக இருக்கிறது.

உண்ணியின் கைவரிசை

மேலே சொன்ன நான்கு குறிகளையும் சேர்த்துச் சொன்னால் தென்னிந்தியாவில் எந்தக் கால்நடை டாக்டரும் முதலில் கேட்கும் கேள்வி: "உண்ணி இருக்கிறதா?"

நாயின் காது மடலிலும் விரல் இடுக்கிலும் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும் பழுப்பு நிற உண்ணி, எர்லிக்கியா கேனிஸ் என்ற நுண்ணுயிரை நாயின் உடலுக்குள் விடுகிறது. அது போய்க் குடியேறுவது நோயை எதிர்த்துப் போராட வேண்டிய வெள்ளை அணுக்களுக்குள்ளேயே. அதாவது காவல் நிலையத்துக்குள் திருடன். ஒன்று முதல் மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல், சோர்வு, பசியின்மை வருகின்றன. தாடைக்கடியிலும் தொடை இடுக்கிலும் நெறி கட்டுகிறது. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் சரிகின்றன. அதனால்தான் மூக்கில் ரத்தம். வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் தோன்றுவதும் அதனால்தான். மூட்டுகள் வீங்கி நாய் நொண்டுகிறது. கண்ணின் உட்புறம் அழற்சி கண்டு பார்வை மங்குகிறது.

இதில் ஏமாற்றும் கட்டம் ஒன்று உண்டு. இரண்டு முதல் நான்கு வாரங்களில் பல நாய்கள் மருந்தே இல்லாமல் தேறிவிட்டதுபோல் எழுந்து நடமாடுகின்றன. வீட்டில் நிம்மதி. நோயோ போகவில்லை, பதுங்கியிருக்கிறது. மாதங்கள், சில சமயம் ஆண்டுகள் கழித்துத் திரும்பி வரும்போது எலும்பு மஜ்ஜையையே தாக்குகிறது. சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு மூன்றும் வற்றுகின்றன. ஈறு சுண்ணாம்பு போல வெளுக்கிறது. அந்தக் கட்டத்தில் மருந்துக்குப் பெரும்பாலும் பலன் இருப்பதில்லை. ஜெர்மன் ஷெப்பர்டு இன நாய்களை இந்தக் கடைசிக் கட்டம் மற்ற நாய்களைவிடக் கடுமையாகத் தாக்குகிறது.

இந்த உயிரியை முதலில் அடையாளம் கண்டவர்கள் அல்ஜீரியாவில் பணியாற்றிய பிரெஞ்சு விஞ்ஞானிகள் டோனாத்தியனும் லெஸ்டோகார்டும். ஆண்டு 1935. அதன் முழு விஸ்வரூபத்தை உலகம் பார்த்தது வியட்நாம் போரின்போது. 1960-களின் இறுதியில் அமெரிக்கப் படையின் மோப்ப நாய்கள் மூக்கில் ரத்தம் கொட்டி, உடல் மெலிந்து, ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. நூற்றுக்கும் மேற்பட்ட நாய்கள் போன பிறகுதான் இது ஒரே நோய் என்பதும், அந்த நோய் எர்லிக்கியா என்பதும் உறுதியாயிற்று. ராணுவ டாக்டர்களும் ஆய்வகங்களும் சூழ இருந்த நாய்களுக்கே அந்தக் கதி என்றால், திண்ணை நாயின் நோயை வீட்டார் கண்டுபிடிக்கவில்லை என்று குறை சொல்வது நியாயமில்லை.

சென்னை வேட்டை நாய்கள்

உண்ணி தரும் நோய்களின் வரலாற்றில் தமிழ்நாட்டுக்கு ஒரு தனி இடம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. வெள்ளைக்காரர் காலத்தில் 'மெட்ராஸ் ஹன்ட்' என்ற வேட்டைச் சங்கம் இருந்தது. சீமையில் குதிரையேறி நாய்களை விட்டு நரி வேட்டை ஆடிய பழக்கத்தை விட மனமில்லாதவர்கள், இங்கே குள்ளநரியைத் துரத்தினார்கள். அந்த வேட்டை நாய்களின் ரத்தத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார் கேப்டன் டபிள்யூ.எஸ். பேட்டன். சிவப்பணுக்களுக்குள் மிகச் சிறிய, அதுவரை விவரிக்கப்படாத ஓர் ஒட்டுண்ணி இருந்தது. பிறகு குள்ளநரியின் ரத்தத்திலும் அதே உயிரி. 1910-ல் அவர் எழுதிய குறிப்பு மூலம் அது உலகுக்குத் தெரியவந்தது. இன்று அதன் பெயர் பபேசியா கிப்சோனி. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் நாய்களைப் படுத்தும் இந்த உயிரியின் முதல் முகவரி சென்னை!

பபேசியா சிவப்பணுக்களை உடைக்கிறது. ஆகவே காய்ச்சல், ரத்த சோகை, மண்ணீரல் வீக்கம். சில நாய்களுக்கு மஞ்சள் காமாலையும் உண்டு. எர்லிக்கியா போலவே தட்டணுக்களும் குறையும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டையும் பிரித்துச் சொல்வது அனுபவசாலிக்கும் கடினம். மூன்றாவதாக ஹெப்பட்டோசூன் என்று ஒன்று. இதையும் 1905-ல் இந்திய நாய்களின் ரத்தத்தில்தான் முதலில் கண்டார்கள். இது உண்ணி கடித்து வருவதில்லை. நாய் தன் உடம்பைக் கடித்துச் சொறியும்போது உண்ணியை விழுங்கிவிடுவதால் வருகிறது.

ஒரே நாய்க்கு இவற்றில் இரண்டு சேர்ந்து வருவதும் அபூர்வமல்ல. எர்லிக்கியாவுக்குக் கொடுக்கும் மருந்து பபேசியா கிப்சோனியை ஒழிக்காது. "உண்ணிக் காய்ச்சல்" என்று பொதுவாகச் சொல்லி ஒரே மாத்திரையை எல்லா நாய்க்கும் கொடுப்பதில் உள்ள ஆபத்து இதுதான். காது நுனியில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயம் ஏற்றிப் பார்ப்பது நூறாண்டு பழைய முறை. இன்றும் மலிவானதும் விரைவானதும் அதுவே. ஆனால் தகட்டில் உயிரி தென்பட்டால்தான் அதை நம்பலாம். தென்படாவிட்டால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. அப்போது பி.சி.ஆர். போன்ற பரிசோதனைகள் தேவைப்படும்.

உண்ணி இல்லாமலும்

எல்லாப் பழியையும் உண்ணி மீது போடுவதும் தவறு. கண் வெளுப்பையே எடுத்துக்கொள்ளலாம். கால்நடைகளைக் கடிக்கும் பெரிய ஈக்கள் பரப்பும் 'சர்ரா' நோயிலும் நாயின் கண்மணி பால் ஊற்றியதுபோல் வெளுக்கும். விட்டு விட்டுக் காய்ச்சலும் முகம், கால் வீக்கமும் கூட வரும். 1880-ல் இந்தியாவில் கிரிஃபித் எவான்ஸ் குதிரைகளிலும் ஒட்டகங்களிலும் கண்டுபிடித்த அதே ஒட்டுண்ணிதான் காரணம். மாட்டுக் கொட்டகையை ஒட்டி வாழும் நாய்க்கு இதை மறந்துவிடக் கூடாது. நாய்களின் ஈரலைத் தாக்கும் ஒரு வைரஸ் நோயிலிருந்து மீளும்போதும் கண் நீலம் பாய்ந்து வெளுக்கும். சர்க்கரை நோய் வந்த நாய்க்குக் கண்புரை சீக்கிரம் விழும்.

மஞ்சள் காமாலை இன்னொரு குழப்பம். அடைமழைக்குப் பின் எலி மூத்திரம் கலந்த தண்ணீரைக் குடித்த நாய்க்கு லெப்டோஸ்பைரோசிஸ் வரலாம். ஈரலும் சிறுநீரகமும் ஒன்றாகக் கெடும். இது வீட்டாருக்கும் தொற்றக்கூடியது. காமாலை கண்ட நாயின் சிறுநீரை வெறுங்கையால் கழுவித் துடைப்பது நல்லதல்ல.

குட்டிகளின் கதை வேறு. வாந்தியும் நாற்றமடிக்கும் ரத்தக் கழிச்சலும் சேர்ந்தால் பார்வோ வைரஸ். 1978 வரை உலகுக்குத் தெரியாமலிருந்த இந்த நோய் ஓரிரு ஆண்டுகளில் கண்டங்களைச் சுற்றிவந்து 1980-களின் தொடக்கத்தில் சென்னைக்கும் வந்துவிட்டது. குட்டியைக் கொல்வது பெரும்பாலும் நீர் வற்றுதல். எனவே மணிக்கணக்கில் தாமதிக்கக் கூடாது. கண்ணிலும் மூக்கிலும் சீழ் போன்ற ஒழுக்கு, அதன்பின் கழிச்சல், வாரங்கள் கழித்துத் தாடையோ காலோ தானாகத் துடிப்பது என்று படிப்படியாகப் போனால் அது டிஸ்டெம்பர். மூன்று தனி நோய்கள் போலத் தோன்றும் இதற்குக் காரணம் ஒரு வைரஸ்தான் என்பதை 1905-ல் சொன்னவர் பிரான்சின் ஆன்ரி காரே. பார்வோ, டிஸ்டெம்பர் இரண்டுக்கும் தடுப்பூசி உண்டு. நாட்டு நாய்க்கு எதுவும் வராது என்ற நம்பிக்கைதான் ஊசிக்கு எதிரி.

தண்ணீர்ச் சட்டியையும் கவனிக்க வேண்டும். வழக்கத்தைவிட நாய் இரண்டு மடங்கு குடிக்கிறது, அடிக்கடி சிறுநீர் கழிக்கிறது என்றால் சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, அட்ரினல் சுரப்பியின் கோளாறு என்று பட்டியல் நீளும். கருத்தடை செய்யாத பெண் நாயாக இருந்து, பருவம் வந்து போய் ஓரிரு மாதம்தான் ஆகியிருந்தால் கர்ப்பப்பையில் சீழ் கோத்திருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். சீழ் வெளியே கசிந்தால் நாய்க்கு அதிர்ஷ்டம், கண்ணுக்குத் தெரியும். கர்ப்பப்பை வாய் மூடியிருந்தால் வயிறு மட்டும் பெருக்கும். "சினையாக இருக்கிறது" என்று வீட்டில் சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்பார்கள்.

வீட்டு வைத்தியத்தால் வரும் நோய்களும் இந்தக் கணக்கில் சேரும். மனிதருக்குத் தரும் பாராசிட்டமால் நாயின் ஈரலையும் ரத்த அணுக்களையும் கெடுக்கும். இப்யூபுரோஃபென், டைக்ளோஃபெனாக் மாத்திரைகள் இரைப்பையில் புண்ணை உண்டாக்கிக் கறுப்பு மலம் போகவைக்கும். மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தை அளவு பார்க்காமல் நாயின் மேல் ஊற்ற, அது நக்கித் தள்ளாடும். ஏற்கெனவே இருந்த காய்ச்சலோடு இந்தக் குறிகளும் சேர்ந்தால் டாக்டருக்கும் முடிச்சவிழாது. கொடுத்த மருந்தை மறைப்பதுதான் இதில் பெரிய அநியாயம்.

காய்ச்சலைக் கணிப்பதிலேயே தவறு நேர்கிறது. நாயின் இயல்பான உடல் சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். மனிதக் கைக்கு அது எப்போதுமே சூடாகத்தான் தெரியும். மூக்கு ஈரமாக இருந்தால் நலம், காய்ந்தால் காய்ச்சல் என்பதும் நம்பத்தக்கதல்ல. ஆசனவாயில் வைக்கும் தெர்மாமீட்டர்தான் சரி. அதைவிட எளிய சோதனை உதட்டைத் தூக்கி ஈறைப் பார்ப்பது. இளஞ்சிவப்பு நலம். வெளுப்பு என்றால் ரத்த சோகை அல்லது ரத்தக் கசிவு, மஞ்சள் என்றால் ஈரல் அல்லது சிவப்பணு உடைதல். விரலால் ஈறை அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும்.

நாய்கள் முந்திக்கொண்ட ஆண்டு

நாயின் நோயை அலட்சியப்படுத்துவது மனிதருக்கு எப்படி வினையாகும் என்பதற்கு இந்தியாவிலேயே ஒரு சோகமான உதாரணம் உண்டு. 1974-ன் பிற்பகுதியில் ராஜஸ்தானின் பான்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்ச்மகால் மாவட்டங்களின் பழங்குடிக் கிராமங்களில் நாய்கள் நோயுற்றன. கண் மஞ்சளாயிற்று. வயிற்றில் நீர் கோத்து மகோதரம் கண்டது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்து அதே காமாலையும் மகோதரமும் மனிதர்களுக்கு வந்தன. 397 பேர் பாதிக்கப்பட்டு 106 பேர் இறந்தார்கள்.

ஹைதராபாதிலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கிருஷ்ணமாச்சாரி குழுவினர் காரணத்தைத் தேடினார்கள். அங்கே முக்கிய உணவு மக்காச்சோளம். அறுவடைக்கு முன் பருவம் தப்பிய மழை பெய்து கதிர் நனைந்தது. சரியாகக் காயவைத்துச் சேமிக்க வசதி இல்லை. அந்தச் சோளத்தில் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சை மண்டியிருந்தது. அது சுரக்கும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை மக்கள் ஒரு மாத அளவுக்கு நாள்தோறும் 2 முதல் 6 மில்லிகிராம் வரை உட்கொண்டிருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். வீட்டார் தின்ற ரொட்டியைத்தான் நாயும் தின்றது. மனிதரைவிடச் சிறிய உடல். நஞ்சு முதலில் அங்கே தெரிந்தது. 1975-ல் லண்டன் மருத்துவ இதழ் 'லான்செட்'டில் வெளியான அவர்களின் கட்டுரை, கிராமத்து நாய்களின் நோய் மனித நோய்க்கு முன்னறிவிப்பாக வந்ததைக் குறிப்பிட்டது. பூஞ்சை நஞ்சு நாய்களைக் கொல்வது அதுவே முதல்முறை அல்ல. 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் நாய்களைப் பலிகொண்ட, காரணம் தெரியாததால் 'ஹெப்படைடிஸ் எக்ஸ்' என்று அழைக்கப்பட்ட நோயும் இதே நஞ்சின் வேலை என்பது பின்னாளில்தான் புரிந்தது.

சித்தூர்ப் பகுதிக்கு இது தூரத்துக் கதை இல்லை. நிலக்கடலை விளையும் மண் இது. அதே பூஞ்சைக்கு மிகப் பிடித்த விளைபொருள்களில் ஒன்று நிலக்கடலை. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகளைக் கொன்று இந்த நஞ்சை உலகுக்குக் காட்டிக்கொடுத்ததே கடலைப் பிண்ணாக்குத் தீவனம்தான். நனைந்து பூசணம் பிடித்த கடலையை மனிதர் கழித்து வைப்பார்கள். அது போய்ச் சேர்வது மாட்டுத் தொட்டிக்கும் நாய்ச் சட்டிக்கும். நாய்க்குக் காமாலையும் வயிற்று வீக்கமும் ஒன்றாக வந்தால் வீட்டுக் குதிரையும் மூட்டையும் திறந்து பார்ப்பது புத்திசாலித்தனம்.

தொண்டையில் எலும்பு?

எல்லாக் குழப்பங்களிலும் மிக ஆபத்தானது ஒன்று உண்டு. நாயின் கீழ்த்தாடை தொங்குகிறது, எச்சில் வடிகிறது, விழுங்க முடியவில்லை, குரல் மாறிவிட்டது. "தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது" என்று வீட்டில் யாராவது வாய்க்குள் கையை விடுகிறார்கள். உண்மையில் அது ரேபிஸ் நோயின் ஊமை வடிவமாக இருக்கலாம். வெறிநாய் என்றால் கண் சிவந்து ஓடி ஓடிக் கடிக்கும் என்பது பாதி உண்மைதான். பல நாய்கள் கடிக்காமல் மூலையில் ஒடுங்கி, பக்கவாதம் வந்து இறக்கின்றன. தண்ணீரைக் கண்டு அஞ்சினால்தான் வெறி என்பதும் தவறு. நீருக்கு அஞ்சுவது நோய் கண்ட மனிதர். நாய் தண்ணீர்ச் சட்டியில் வாயை வைக்கும், விழுங்கத்தான் முடியாது.

ஆகவே தாடை தொங்கும் நாயின் வாயில் கை விடக் கூடாது. விட்டாயிற்று, கையில் கீறல் இருக்கிறது என்றால் கடிபட்டதற்குச் சமம். பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவிவிட்டு அன்றே தடுப்பூசிக்குப் போக வேண்டும். கடித்த நாயைப் பத்து நாள் கவனிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கடித்த நேரத்தில் அதன் எச்சிலில் வைரஸ் இருந்திருந்தால் அந்தப் பத்து நாளுக்குள் நாய்க்கு நோய் முற்றி அது இறந்துவிடும். ஆனால் அந்த நாட்கள் முடியட்டும் என்று ஊசியைத் தள்ளிப்போடுவது தற்கொலை. ரேபிஸ் குறிகள் தோன்றியபின் காப்பாற்ற வழி இல்லை.

டாக்டரிடம் போகும்போது பரிசோதனைச் சீட்டுகளைவிட உதவுவது தேதிகள். எந்தக் குறி முதலில் வந்தது, எது பிறகு வந்தது, எத்தனை நாள் இடைவெளி, உண்ணி எப்போது இருந்தது, என்ன தின்றது, என்ன மாத்திரை கொடுக்கப்பட்டது, ஊசி போட்ட ஆண்டு எது. காலண்டர் தாளில் கிறுக்கிவைத்தாலும் போதும். மூக்கில் வந்த ரத்தத்தையும் ஒரு மாதம் முந்தைய காய்ச்சலையும் டாக்டர் இணைத்துப் பார்ப்பது அந்தத் தாளை வைத்துத்தான்.

எர்லிக்கியா என்று தெரிந்தால் டாக்சிசைக்ளின் என்ற பழைய, விலை குறைந்த மருந்தே போதுமானது. பொதுவாக 28 நாள் கொடுக்க வேண்டும். ஓரிரு நாளிலேயே நாய் வாலாட்டிச் சாப்பிடத் தொடங்கிவிடும். ஐந்தாம் நாள் மாத்திரை நின்றுவிடும். பதுங்கிய நோய்க்கு இதைவிடச் சாதகம் வேறில்லை.

மருந்து முழுதாகக் கொடுத்தாலும் உண்ணி வீட்டில் இருக்கிறது. வயிறு நிறைந்த பெண் உண்ணி நாயிலிருந்து உதிர்ந்து, சுவரேறி, விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. பொரிந்த குஞ்சு நாயைத் தேடி வருகிறது, குடிக்கிறது, மறுபடி சுவருக்குப் போகிறது. இப்படி மூன்று முறை. நாய் கிடைக்காவிட்டால் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கவும் அதற்குத் தெரியும். தெலுங்கில் 'வெதுரு' என்றால் மூங்கில். மூங்கிலைப் பெயரிலேயே வைத்திருக்கும் ஊரில் மூங்கில் தட்டியும் மண்சுவரும் கல்லிடுக்கும் உண்ணிக்கு மாளிகைகள். நாயின் மேல் எடுக்கும் உண்ணி மொத்தத்தில் ஒரு பங்குதான். மீதி நாய் படுக்கும் சாக்கிலும், சுவரின் வெடிப்பிலும், கொட்டகைக் கூரையின் இடுக்கிலும் இருக்கிறது. சாக்கை எரித்து, வெடிப்பைச் சாந்து வைத்துப் பூசி, நாய்க்கு டாக்டர் சொன்ன உண்ணி மருந்தை மாதம் தவறாமல் கொடுக்கும் வீட்டில்தான் அந்த 28 நாள் மாத்திரைக்குப் பலன் இருக்கும்.